சீரியல் வீட்டுக்கு வராதவர்கள்

சித்திரைப் பௌர்ணமி நெருங்கிவிட்டால் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துச் சாலைகளில் செய்திச் சேனல் வண்டிகள் கூவாகத்தை நோக்கி வரிசைகட்டும். கூத்தாண்டவர் கோயில் திருவிழா 18 நாள் நடக்கிறது. கேமராவுக்கு வேண்டியதோ இரண்டே காட்சிகள்: திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்ளும் இரவு, மறுநாள் தேர் முடிந்ததும் தாலியறுத்து ஒப்பாரி வைக்கும் பொழுது. விழுப்புரத்து மிஸ் கூவாகம் போட்டியையும் சேர்த்தால் மூன்று. இந்த மூன்றையும் ஒட்டினால் அரை மணி நேரத் தொகுப்பு தயார். தமிழ்ச் செய்திச் சேனல்களில் பால்புதுமையினர் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் நிகழ்ச்சி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கேமராக்கள் கூவாகத்தோடு நின்றுவிட்டாலும் வழிபாடு அங்கே நிற்கவில்லை. பழைய தென்னாற்காடு மாவட்டம் 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கூவாகம் அதனோடு போய்விட்டது. கூத்தாண்டவர் கோயில்களோ மூன்று மாவட்டங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. திரௌபதி வழிபாட்டை ஆராய வந்த அமெரிக்கர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவானின் சடங்குகளைத் தேடி இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகச் சென்றவர். அது பற்றி 1995-இல் விரிவான கட்டுரை எழுதினார். கடலூர்க் கடற்கரையின் தேவனாம்பட்டினமும் சிதம்பரம் பக்கத்துக் கொத்தட்டையும் அரவான் விழாவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். இந்த நிலப்பரப்பின் நடுவில், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கமாக இருக்கிறது அண்ணாகிராமம் ஒன்றியம். தெற்கே சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். தொலைக்காட்சியில் பால்புதுமையினர் சித்திரிக்கப்படும் விதத்தை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் கிடைப்பது கடினம். எதை வைத்து ஆராய்வது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நூல் வெளியானால் அதன் படி பொது நூலகத்துக்குப் போக வேண்டும் என்கிறது 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம். அப்படிப் படிகள் வந்துசேரும் இடங்களில் சென்னை கன்னிமாரா நூலகமும் ஒன்று. சினிமாவுக்குப் புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சுக்கு ரோஜா முத்தையா நூலகம். தொலைக்காட்சிக்கு இப்படி எதுவும் இல்லை. ஒளிபரப்பிய நிகழ்ச்சியின் பதிவைச் சேனல் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதே மத்திய அரசின் உரிம விதி. புகார் வந்தால் விசாரிப்பதற்கான ஏற்பாடு அது; வரலாற்றை மனத்தில் வைத்து எழுதியதல்ல. சன் டிவி தொடங்கிய 1993 முதல் இன்றுவரை தமிழ் வீடுகளின் மாலைப் பொழுதை ஆண்ட ஊடகத்தின் பழைய நாடாக்கள் சேனல்களின் கிடங்கிலோ தயாரிப்பு நிறுவனத்தின் அலமாரியிலோ இருந்தால் உண்டு. ஆய்வாளருக்குக் கிடைப்பது யூடியூபில் யாரோ ஏற்றிய துண்டுகளும், ஓடிடி தளங்கள் விட்டுவைத்திருக்கும் தொடர்களும்தான். தளம் கைமாறினால் அதுவும் உறுதியில்லை. இன்று பார்த்துக் குறிப்பெடுத்த காட்சியை ஆய்வேடு தரும் நாளில் மறுபடி காட்ட முடியுமா என்பதே சந்தேகம்.

2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. ஆய்வேடு தரும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. இந்தத் தலைப்புக்கு அது பெரிய ஆறுதல். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்களில், தமிழ்ப் படங்களில் திருநங்கைகள் என்ற ஒரே கட்டுரையைப் பத்துப் பெயர்களில் படித்துச் சலித்தவர்களுக்கு இந்த ஆறுதல் புரியும்.

அந்தக் கட்டுரைகளுக்கெல்லாம் ஒரு வாய்பாடு உண்டு. முதலில் மேற்கத்தியக் கோட்பாடு, பிறகு நான்கு படங்கள், கடைசியில் நிலைமை மாறிவருகிறது என்ற நம்பிக்கை. கோட்பாடுகள் மேல் குற்றமில்லை. திரையில் இல்லாமல் போவதே ஒருவகை அழிப்பு என்று ஜார்ஜ் கெர்ப்னரும் லாரி கிராஸும் 1976-இல் சொன்னது இன்றைக்கும் கூர் மழுங்காத கருத்து. சிறுபான்மையினர் தொலைக்காட்சிக்குள் நான்கு படிகளில் நுழைகிறார்கள் என்று 1969-இல் எழுதினார் செட்ரிக் கிளார்க்: முதலில் கண்ணிலேயே படமாட்டார்கள், அடுத்து கேலிப்பொருள், பிறகு போலீஸ் போன்ற ஒழுங்கு காக்கும் பாத்திரங்கள், கடைசியில் மரியாதை. அமெரிக்கக் கறுப்பினரை மனத்தில் வைத்து எழுதிய இந்தப் படிக்கட்டைப் பிற்பாடு பால்புதுமையினருக்கும் பொருத்திப் பார்த்தார்கள். தமிழில் இது பொருந்தவில்லை. இங்கே மரியாதையும் கேலியும் ஒரே சேனலில் பக்கத்துப் பக்கத்து நேரங்களில் ஓடியிருக்கின்றன.

2008 பிப்ரவரி 28. விஜய் டிவியில் ‘இப்படிக்கு ரோஸ்’ தொடங்கியது. அமெரிக்காவில் பொறியியல் படித்துத் திரும்பிய ரோஸ் வெங்கடேசன் என்ற திருநங்கை, சேலை கட்டி, நிதானமாக உட்கார்ந்து, மற்றவர்களைக் கேள்வி கேட்டார். அந்த இருக்கை மாற்றத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அதுவரை பதில் சொல்லும் நாற்காலியில் மட்டுமே உட்காரவைக்கப்பட்டவர்களில் ஒருவர், மணமுறிவு பற்றியும் பாலியல் பற்றியும் பிறரிடம் விசாரிக்கும் இடத்துக்கு வந்தார். இந்தியத் தொலைக்காட்சியின் முதல் திருநங்கைத் தொகுப்பாளர் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை எழுதின. அதே ஆண்டு ஏப்ரல் 15-இல்தான் தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. ஸ்டூடியோவும் கோட்டையும் ஒரே நேரத்தில் அசைந்த அந்த ஆண்டை மட்டும் எடுத்து ஒரு முழு ஆய்வேடு எழுதலாம்.

அதே விஜய் டிவி அந்தக் காலத்தில் ‘கலக்கப் போவது யாரு’, அடுத்து ‘அது இது எது’ என்று நகைச்சுவையில் கொடிகட்டிப் பறந்தது. ‘சிரிச்சா போச்சு’ சுற்றில் ஓர் ஆண் லேடி கெட்டப்பில் நடந்து வந்தாலே பாதிச் சிரிப்பு உறுதி. இடுப்பை வளைப்பது, தாவணியை இழுத்துவிடுவது, நடுவரின் மேல் சாய்வது, வசனம்கூட வேண்டியதில்லை. ராதிகாவின் ‘அரசி’ சன் டிவியில் ஓடிக்கொண்டிருந்ததும் இதே ஆண்டுகளில்தான். அதில் கங்கா என்ற திருநங்கை வில்லியாக வந்தவர் நடிகர் பப்லு பிரித்விராஜ். வீட்டில் ஒரே ஒரு டிவி. அதில் ரோஸும் உண்டு, கங்காவும் உண்டு, லேடி கெட்டப்பும் உண்டு. மூன்றும் ஒரே பார்வையாளரின் மனத்தில் எப்படிக் கலந்தன என்பது கிளார்க்கின் படிக்கட்டில் அடங்காத கேள்வி.

லேடி கெட்டப்பைக் கேலி என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதும் அவசரம். பண்ருட்டி, கடலூர் வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயில் விழாவுக்கு விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். திரௌபதியாக ஆடுபவர் ஆண். துகிலுரியும் இரவில் ஊர் கும்பிடுகிறது. சிலருக்குச் சாமி வருகிறது. சேலைக்குள் இருப்பவர் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்தும் யாரும் சிரிப்பதில்லை. சிரிக்கவைக்கும் வேலை கட்டியங்காரனுடையது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் ஆடியவர்களுக்குத் தனிச் செல்வாக்கு. ஆண் நடிகர் ஒருவரின் பெயருக்கு முன்னால் ‘அவ்வை’ நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது அந்தச் செல்வாக்கால்தான். ஆணின் பெண் வேடத்தைப் பக்தியோடும் ரசனையோடும் பார்க்கத் தெரிந்த ஊருக்கு, அதே வேடத்தைப் பார்த்த மாத்திரத்தில் சிரிக்கவும் பழக்கம் வந்திருக்கிறது. எப்போது, எந்த வழியாக வந்தது? சினிமா காமெடி டிராக்கா, கல்லூரிக் கல்சுரல்ஸ் மேடையா, ரியாலிட்டி ஷோவின் எடிட்டிங்கில் சேர்க்கும் சிரிப்பொலியா? கூத்து பார்த்து வளர்ந்து, டிவியும் பார்த்த அண்ணாகிராமத்துப் பெரியவர்களிடம் இதைக் கேட்கலாம். அமெரிக்க நூல்களில் விடை இருக்காது.

செய்திப் பிரிவில் கூவாகத்துக்கு அடுத்தபடியாக உள்ளது ‘முதல் திருநங்கை’ வகை. 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவை லோட்டஸ் சேனலில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். 2017-இல் பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளரானார். 2019-இல் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ. ஒவ்வொன்றும் பெரிய செய்தி, நியாயமான செய்தி. இந்த வகையில் இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடமில்லை என்பதுதான் குறை. வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, வாடகை வீடு தேடி அலையும் திருநங்கை செய்தியாவதில்லை.

அலையும் பாடும் தெரிய வேண்டுமானால் ரியாலிட்டி ஷோவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. 2021-இல் பிக்பாஸ் ஐந்தாவது சீசனில் நமிதா மாரிமுத்து நுழைந்தார். தன் கதையை அவர் சொன்ன இரவில் வீட்டிலிருந்தவர்கள் அழுதார்கள். முதல் வாரம் முடிவதற்குள் அவர் வெளியேறிவிட்டார். அடுத்த சீசனில் வந்த ஷிவின் கணேசன் விஷயம் வேறு. கண்ணீர்க் கதையோடு அவருடைய வேலை முடியவில்லை. நூறு நாளுக்கு மேல் விளையாடினார், சண்டை போட்டார், வாதாடினார், கோபப்பட்டார். 2023 ஜனவரியில் நடந்த இறுதிச் சுற்றில் அசீம், விக்ரமனுக்கு அடுத்து மூன்றாம் இடம். ஒரு திருநங்கையை அன்றாடம், பல் துலக்குவது முதல் பாத்திரம் கழுவுவது வரை, தமிழ்க் குடும்பங்கள் மாதக்கணக்கில் பார்த்தது அதுதான் முதல் முறை என்று சொல்லலாம். அதை வழிநடத்தியவர் கமல்ஹாசன். 2006-இல் ‘வேட்டையாடு விளையாடு’ படத்தில் அமுதன், இளமாறன் என்ற கொலைகார ஜோடியைத் துரத்திய ராகவனும் அவர்தான். 2024 முதல் அந்த மேடைக்கு வந்தவர் ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் திருநங்கை ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதி. தமிழில் இந்த விஷயத்தின் வரலாற்றை எழுத இரண்டு தொகுப்பாளர்களின் நடிப்புப் பட்டியலே பாதி உதவும் போலிருக்கிறது.

சினிமாவை ஒதுக்கிவிட்டுத் தொலைக்காட்சியை மட்டும் ஆராய முடியாது, ஏனென்றால் தமிழ்ச் சேனல்களின் ஞாயிற்றுக்கிழமை சினிமாவால் ஆனது. 2011-இல் வந்த ‘காஞ்சனா’வைத் திரையரங்கில் பார்த்தவர்களைவிட டிவியில் பார்த்தவர்கள் அதிகமாக இருப்பார்கள். சரத்குமார் ஏற்ற திருநங்கை வேடம் பேயாகவும் தெய்வமாகவும் திரும்பத் திரும்ப ஹாலுக்குள் வந்துபோயிற்று. குழந்தைகள் பார்த்துப் பயந்தார்கள், அழுதார்கள், பாட்டுக்கு ஆடினார்கள். ஏ சான்றிதழ் பெற்ற படத்துக்கு இந்த வழி அடைப்பு. கேபிள் விதிகளின்படி எல்லோரும் பார்க்கத்தக்கது என்று சான்றளிக்கப்பட்ட வடிவம்தான் ஒளிபரப்பாகலாம். 2019-இல் ஏ சான்றிதழோடு வந்த ‘சூப்பர் டீலக்ஸ்’ போன்ற படம் வெட்டுப்பட்டு, மறுசான்றிதழ் வாங்கித்தான் ஹாலுக்கு வர வேண்டும். ஆக, பேயாக வரும் திருநங்கைக்கு வழி எளிது. பிள்ளையின் கையைப் பிடித்து வீடு திரும்பும் திருநங்கைக்கு வெட்டு. திட்டமிட்டுச் செய்ததல்ல, விதிகள் தற்செயலாக இப்படி விழுந்திருக்கின்றன. ஆனாலும் விளைவு விளைவுதான்.

தொலைக்காட்சியையே பொருளாக்கிய படம் ஒன்றும் இருக்கிறது. அருண் பிரபு புருஷோத்தமனின் ‘அருவி’ (2017). குடும்பச் சண்டைகளை ஸ்டூடியோவில் தீர்த்துவைக்கும் நிகழ்ச்சிகளின் அச்சு அசலான நகல் அதில் வரும். அருவியோடு அந்த அரங்கில் இருக்கும் எமிலி திருநங்கை; நடித்த அஞ்சலி வரதனும் திருநங்கை. துன்பத்தைச் சரக்காக்கும் ஸ்டூடியோவின் உள்வேலையை, விளம்பர இடைவேளை வரைக்கும், அந்தப் படம் பிரித்துக் காட்டியது. ஊடக ஆய்வு மாணவர்களுக்குப் பல பாடநூல்களைவிட அது உதவும்.

இதுவரை சொன்னதில் ஒரு சாய்வு தெரியும். எல்லாமே திருநங்கைகள். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், திருநம்பி ஆகியோரை வெகுஜனத் தமிழ்ச் சேனல்களில் தேடுபவர் சலித்துப்போவார். சினிமாவில் ‘கோவா’ (2010) இருக்கிறது. 2020-இல் நெட்பிளிக்ஸில் வந்த ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் விக்னேஷ் சிவன் இயக்கிய பகுதி இரு பெண்களின் காதலைத் தொட்டது. 2021-இல் ‘மகிழினி’ என்ற பாடல் காணொளி, 2022-இல் பா. ரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’. இவை திரையரங்கிலும் கைப்பேசியிலும் பார்க்கக் கிடைத்தவை. இரவு எட்டு மணி சீரியலில் இவர்களுக்கு வேலையில்லை. திருநங்கைக்குப் புராணம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது. சேனல்களுக்கு அவரைக் காட்ட ஒரு பழகிய சட்டகம் கைவசம் உண்டு. மகளின் தோழி மகளின் காதலியாக இருந்தால் அதற்குச் சட்டகம் இல்லை.

காரணம் ஒழுக்கம் என்று சொல்லிவிடுவது எளிது. சீரியலின் கட்டுமானத்தைப் பார்த்தால் வேறொன்று தெரியும். தமிழ் மெகா சீரியல் கல்யாணத்தில் ஓடுகிறது. நிச்சயம், தடை, மணமேடையில் மாப்பிள்ளை மாற்றம், சீமந்தம், மாமியார், சொத்து. ஆயிரம் எபிசோடை இழுத்துச் செல்லும் எரிபொருள் அதுதான். கள்ளக் காதலுக்கு, இரண்டாம் தாரத்துக்கு, கொலைக்குக்கூட இந்தக் கட்டுமானத்தில் இடமுண்டு. எல்லாம் கல்யாணத்தைச் சுற்றியே சுழல்கின்றன. கல்யாணமே நடக்க முடியாத காதலை வைத்துக்கொண்டு கதாசிரியர் என்ன செய்வார்? 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடியை எடுத்தது. 2023 அக்டோபர் 17-இல் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தது. சீரியல் அறைக்குள் இந்த இரண்டாவது தீர்ப்பின் எடை அதிகம். இந்தி வழி வேறாக இருந்தது. கலர்ஸ் சேனலின் ‘சக்தி’ 2016 முதல் 2021 வரை திருநர் நாயகி ஒருவரை மருமகளாகவே உட்காரவைத்து நடந்தது. நாயகியாக நடித்த ரூபினா திலைக் திருநர் அல்ல என்ற விமர்சனத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நீதிமன்றத்தைப் பற்றிப் பேசினால் சென்னையைத் தாண்டிப் போக முடியாது. ஒருவரையொருவர் காதலித்து வீட்டை விட்டு வந்த இரு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், 2021 ஜூன் 7-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு மனமாற்றச் ‘சிகிச்சை’களுக்குத் தடை விதித்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022-இல் பால்புதுமையினரைக் குறிக்கும் கலைச்சொல் பட்டியல் வெளியிட்டது. தன்பாலின உறவுகளைப் புரிந்துகொள்ள உளவியலாளரிடம் தாம் அமர்வு கேட்டதாக நீதிபதி வெளிப்படையாகச் சொன்னது நாடெங்கும் பேசப்பட்டது. சீரியல் எழுத்தாளர்கள் யாராவது அந்த உத்தரவைப் படித்திருந்தால் அதில் ஒரு நல்ல கதை இருப்பது தெரிந்திருக்கும்.

பார்வையாளர் ஆய்வுக்கு வருவோம். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அண்ணாகிராமம் போன்ற ஒன்றியங்களின் ஓட்டு வீடுகளுக்கும் தொகுப்பு வீடுகளுக்கும் பெட்டியைக் கொண்டு சேர்த்தது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. ரோஸ் பேசத் தொடங்கியது இந்த இரண்டுக்கும் நடுவில். கரும்பு வெட்டிவிட்டும் முந்திரி உடைத்துவிட்டும் வந்து டிவி முன் உட்கார்ந்தவர்கள் அந்த நிகழ்ச்சியை என்னவாகப் பார்த்தார்கள்? செய்தி அனுப்பியவர் நினைத்த பொருளும் பெறுபவர் கொள்ளும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் எழுதியதன் சாரம். தூர்தர்ஷன் காலத்து தில்லி வீடுகளில் உட்கார்ந்து பூர்ணிமா மன்கேகர் அதைச் செய்து காட்டினார். நூல் 1999-இல் வந்தது. தென்னாற்காட்டில் அப்படி உட்கார்ந்தால் கேட்க வேண்டிய முதல் ஆள் அந்த வீட்டிலேயே இருக்கக்கூடும்: அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்து, காமெடி சுற்றில் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்த பையன்.

இந்தப் பையனிடம் எப்படிப் பேசுவது என்பதை ஆய்வுநெறி வகுப்பு முழுதாகச் சொல்லித் தராது. திருநங்கைகளின் வாழ்வைப் பற்றிய ஆழமான முனைவர் பட்ட ஆய்வுகள் சில அமெரிக்காவில் எழுதப்பட்டன. அனிருத்தன் வாசுதேவன் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலும் சக்தி நடராஜ் பெர்க்லியிலும் செய்தவை அப்படிப்பட்டவை. அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் முதலில் பேசியவர்கள் ஆய்வாளர்கள் அல்லர், அனுபவித்தவர்கள்: ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ 2004-இல், லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007-இல். அதே ஆண்டு அரவாணிகளைப் பற்றி இனவரைவியல் நூல் எழுதிய பிரியா பாபு, பிறகு மதுரையில் ஒரு ஆவண மையமே நடத்தத் தொடங்கினார். சேனல்கள் எறிந்துவிட்ட நிகழ்ச்சியின் பதிவு, அதில் பங்கேற்றவரின் பழைய சிடியில் இருக்க வாய்ப்புண்டு. ஆய்வாளர் தட்ட வேண்டிய கதவு ஸ்டூடியோவினுடையது மட்டுமல்ல.

ஆய்வேடு ஏற்கப்பட்டதும் அது சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறும், யாரும் தரவிறக்கலாம். நகரத்தில் பேட்டி கொடுத்தவருக்குப் புனைபெயர் போதும். சின்ன ஊரில் போதாது. செல்போன் கடை வைத்திருக்கும், மூன்று அக்காமார் உள்ள, இருபத்தாறு வயது இளைஞர் என்று எழுதிவிட்டால் ஊருக்கு அவர் யாரென்று தெரிந்துவிடும். தெரு, தொழில், உடன்பிறந்தார் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். மாற்றியிருப்பதை முன்னுரையில் ஒப்புக்கொள்ள வேண்டும். எதற்கு மாற்றினோம் என்பதை வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளரிடம் விளக்கவும் வேண்டும்.